மாட்டு மருந்துக்கும் சட்டம் உண்டு

கேள்வி: நான்கு கறவை மாடுகள் வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறேன். சினை பிடிக்காத மாட்டுக்கு ஒரு வைட்டமின் பவுடரை மாதக்கணக்கில் கொடுத்தும் பலனில்லை. டப்பாவில் லைசென்ஸ் எண்ணே இல்லை என்று கால்நடை டாக்டர் காட்டினார். "இது தீவனம்தான், மருந்துச் சட்டம் இதற்கு வராது" என்கிறார் கடைக்காரர். நான் என்ன செய்யலாம்?

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: கடைக்காரர் பேச்சை நம்பி விட்டுவிடாதீர்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் மனிதருக்கான மருந்தோடு விலங்குகளுக்கான மருந்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. வெறும் சத்துத் தீவனம் என்று விற்றிருந்தால் வாதத்துக்கு இடமுண்டு. 'சினை பிடிக்காத குறையைத் தீர்க்கும்' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் அந்தச் சாக்கு எளிதில் எடுபடாது. குறைபாட்டைத் தீர்க்க என்று விற்கும் பொருள் சட்டத்தின் கண்ணில் மருந்து.

டப்பாவை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கால்நடை மருந்தென்றால் உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி மட்டும் போதாது. மனிதருக்கானது அல்ல என்ற எச்சரிக்கையும் வீட்டு விலங்கின் தலைப்படமும் இருக்க வேண்டும். லேபிளில் பொய்யான வாசகம் இருப்பதே 17-ஆவது பிரிவில் வரும் தவறு. உரிமமின்றித் தயாரித்து விற்றது நிரூபணமானால் 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 1 லட்சம் ரூபாய்.

கடையில் சண்டை போடாதீர்கள். சரக்கு மறுநாளே மாயமாகும். அதே பேட்சில் சீல் பிரிக்காத டப்பா ஒன்றை பில்லோடு வாங்கி வைத்துக்கொண்டு, மருந்து ஆய்வாளரிடம் உடனே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அவர் கடையிலேயே மாதிரி எடுக்கலாம். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கடைக்காரர் அவரிடம் சொல்லியாக வேண்டும். 26-ஆவது பிரிவின்படி, கட்டணம் செலுத்தி நீங்களே அரசு பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கும் உரிமையும் உண்டு. இந்த உரிமை பல விவசாயிகளுக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தம்.

குற்ற வழக்கில் உங்கள் நஷ்டம் திரும்பாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பால் விற்பது வியாபாரம் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். ஆனால் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் செய்யும் தொழிலுக்கு வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விதை வாங்கிய விவசாயிகளை நுகர்வோராகவே 2012-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கெடு 2 ஆண்டு. மாட்டைப் பார்த்த டாக்டரிடம் இன்றே எழுத்தில் ஒரு சான்று வாங்குங்கள். மிச்சப் பவுடரையும் பழைய டப்பாவையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.