தெளிந்த நீரும் தூய நீரும்

நீர் தெளிந்திருந்தால் தூயது என்று நாம் கொள்கிறோம். நைட்ரேட்டுக்கு இது பொருந்தாது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை.

பாலாற்றுப் படுகையில் வேளாண்மையும் தோல் பதனிடும் தொழிலும் அருகருகே நிகழ்கின்றன. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. பயிர் ஏற்றது போக எஞ்சுவதை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தோலின் புரதமும், சுண்ணாம்பு நீக்கும் அம்மோனிய உப்புகளும் கலந்த கழிவுநீர் நிலத்தில் தேங்கினும் இதுவே விளையும். மண் நைட்ரேட்டைப் பற்றி நிறுத்துவதில்லை. ஆதலின் அது மழைநீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரம் வகுத்த எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். அது மிகுமாயின், புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலில் குன்றக்கூடும். உடல் நீலம் பாயும். 1945இல் அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி இந்நோய்க்குக் கிணற்று நீரே காரணம் என எடுத்துரைத்தார். காய்ச்சினாலும் நைட்ரேட் நீங்காது. நீர் சுண்டச் சுண்டச் செறிவே கூடும்.

வேலூர் வட்டாரத் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேங்கிய நீரை அசுத்தப்படுத்தலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. நிலத்தடி நீரும் ஊரார் அனைவரும் அருந்தும் ஒரு தேக்கமே. மண்ணை ஆய்ந்து உரமிடுவோம். கழிவைத் தூய்மைசெய்தே வெளிவிடுவோம். கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதிப்போம். பேசவறியாக் குழவிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இது.