குனிந்த காரும் கசிந்த ஆயிலும்

'ஷாக் அப்சார்பர்' என்ற பெயரே நம்மை ஏமாற்றும். மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். வாங்கிய பிறகு அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. இரண்டும் வண்டிமாட்டு ஜோடி மாதிரி. ஒன்றை மட்டும் மாற்றினால் நுகம் கோணும். இதை நான் படித்தது வகுப்பில்; புரிந்துகொண்டது என் மாமாவின் காரில்.

பார்க்க ஸ்டைலாக இருக்கும் என்று, காரை 40 மி.மீ. இறக்கும் குட்டை ஸ்பிரிங்கை முன்பக்கம் மாட்டச் சொன்னவன் நான்தான். "ஷாக்கையும் மாத்த வேணாமாடா?" என்று மாமா கேட்டார். "பழசே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாமா வீண் செலவு?" என்றேன். டிப்ளமோ படிக்கிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

முதல் வாரமே ஸ்பீட் பிரேக்கரில் 'டொம்' என்று அடித்தது. சில மாதத்தில் இரண்டு ஷாக்கிலும் ஆயில் கசிந்தது. அப்புறம்தான் நோட்டை எடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு முன்சக்கரத்தின் மேல் நிறை 200 கிலோ. பழைய ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 20 நியூட்டன்; புதியது 25. பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும்வரை முன்பு 70 மி.மீ. இடம். 40 இறக்கியபின் மிச்சம் 30தான்.

1. தாங்கும் ஆற்றல்: விறைப்பில் பாதியை, அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். முன்பு 49 ஜூல், இப்போது 11.25 ஜூல். ஸ்பிரிங் விறைத்தும் திறன் கால்வாசிக்கும் கீழே போய்விட்டது! 30 மி.மீ.க்குள் அதே 49 ஜூலை வாங்க, விறைப்பு சுமார் 109 ஆக வேண்டும். அப்புறம் அது கார் இல்லை, கட்டை வண்டி. மிச்ச அடியெல்லாம் ரப்பருக்கும் ஷாக்குக்கும் பாடிக்கும்தான்.

2. அடக்கும் திறன்: விறைப்பையும் நிறையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்தால் கிரிட்டிக்கல் டாம்பிங். முன்பு 4000, இப்போது சுமார் 4470. ஷாக் தருவது அதே 1200. விகிதம் 0.30இலிருந்து 0.27 ஆகிறது. துள்ளல் கூடும்.

3. ஜாக்கி ஏற்றும்போது: சக்கரம் தொங்கினால் பழைய ஷாக் முழு நீளத்துக்கு விரியும். குட்டை ஸ்பிரிங் அந்த நீளத்துக்கு எட்டாவிட்டால், இருக்கையில் தளர்ந்து ஆடும்.

இறக்கியே தீர வேண்டுமென்றால், அந்த ஸ்பிரிங்குக்கென்றே அமைத்த குட்டை ஷாக்கோடு செட்டாக மாட்டுங்கள். வீல் அலைன்மென்ட்டும் மறக்காமல் பாருங்கள். ஸ்பிரிங்கை கேஸில் வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் அதன் பதம் கெட்டுவிடும்.

மாமா பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டி, புது ஷாக் ஜோடி வாங்கினார். என்னைத் திட்டவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே போட்டிருக்கலாமேடா" என்றார், அவ்வளவுதான்.

நண்பர்களே, நம் வார்த்தையை வீட்டில் நம்புகிறார்கள். ஸ்பானரை எடுக்கும் முன் பேனாவை எடுப்போம்!