அழகற்ற உயிர்களின் அன்பர்கள்

மயிலை விரும்பாதவர் யார்? மானைக் கண்டு மகிழாதவர் யார்? புலிக்கு அஞ்சினாலும் அதன் வரியழகை நாம் வியக்கிறோம். முதலையையோ யாரும் விரும்புவதில்லை. பொய்யாக அழுதால்கூட 'முதலைக் கண்ணீர்' என்று அதன் தலையில்தான் பழியைப் போடுகிறோம். ஆனால் நோவாவின் பேழையில் அழகிய உயிர்கள் மட்டுமா ஏறின? ஊர்வனவும் அல்லவா ஏறின! யாரும் விரும்பாத உயிர்களுக்காக உழைத்த சிலரைப் பற்றி இங்கு அறிந்து கொள்வோம்.

முதலைகளுக்கு வந்த ஆபத்து

நம் நாட்டில் மூன்று வகை முதலைகள் உண்டு. ஆறு, ஏரிகளில் வாழ்வது நன்னீர் முதலை. கழிமுகங்களில் வாழ்வது உவர்நீர் முதலை. வடநாட்டு ஆறுகளில் பெரும்பாலும் மீனையே தின்று வாழ்வது சொம்புமூக்கு முதலை. ஆண் முதலையின் நீண்ட மூக்கு நுனியில் சிறு சொம்பைப் போல ஒரு புடைப்பு இருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது.

தோலுக்காக இவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். முட்டைகளை எடுத்துத் தின்றார்கள். அணைகளால் ஆறுகளின் போக்கு மாறியது. மீன் வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவையும் பல. 1970-களில் காட்டில் எஞ்சிய சொம்புமூக்கு முதலைகள் 200-க்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கொல்வதைத்தான் தடுக்கும். குறைந்து போனதைப் பெருக்க மனிதர் வேண்டுமே!

முதலைகளுக்கு ஒரு வங்கி

அப்படி முன்வந்தவர்களில் ஒருவர் ராமுலஸ் விட்டேகர். 1943-ல் அமெரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியா வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்தவரும் இவரே. இவரும் இவர் மனைவியாக இருந்த ஸை விட்டேகரும் நண்பர்களும் சேர்ந்து, 1976-ல் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், வடநெம்மேலியில் கடலோரமாக ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். நாம் 'முதலைப் பண்ணை' என்று சொன்னாலும், அதன் ஆங்கிலப் பெயரின் பொருள் 'முதலை வங்கி' என்பதாகும். வங்கியில் போட்ட பணம் வட்டியோடு பெருகுவது போல, இங்கு விட்ட முதலைகள் பெருகும். தேவைப்படும் இடத்துக்கு அவற்றைக் கொடுத்து உதவலாம். எவ்வளவு பொருத்தமான பெயர்!

அவர்கள் எண்ணம் வீண் போகவில்லை. நன்னீர் முதலை மணலில் குழி தோண்டி ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் இடும். ஒரே ஆண்டில் அது இருமுறை முட்டையிடுவதும் உண்டு என்று இப்பண்ணையில் கண்டறிந்தார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் இடத்தின் வெப்பமே முடிவு செய்கிறது என்பதையும் இங்கு விரிவாக ஆராய்ந்தார்கள். இங்கு வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதலைகள் பல மாநில வனத்துறைகளுக்கு வழங்கப்பட்டன. ஸை விட்டேகர் சிறுவர்களுக்காகக் கதைகள் எழுதி, நம் போன்ற பிள்ளைகளின் மனத்திலிருந்த அச்சத்தைப் போக்க முயன்றார்.

பள்ளி செல்லாத ஆசிரியர்கள்

இவர்களுக்குக் காட்டைக் கற்பித்த ஆசிரியர்கள் யார் தெரியுமா? செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் மக்கள். மண்ணில் பதிந்த மெல்லிய தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு எந்தப் பக்கம் சென்றது என்று சொல்லக் கூடியவர்கள். முன்பு வறுமையின் காரணமாகப் பாம்பைப் பிடித்துத் தோல் வணிகருக்கு விற்று வந்தார்கள். அவ்வணிகம் தடை செய்யப்பட்டதும் அவர்கள் அடுப்பில் பூனை உறங்கியது. பாம்பைக் காக்க வேண்டும். பாம்பை நம்பி வாழ்ந்த குடும்பமும் பிழைக்க வேண்டும். என்ன செய்வது?

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளையும் அவர்கள் உயிரோடு பிடித்து வருவார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்த பின், மீண்டும் காட்டிலேயே விட்டு விடுவார்கள். அந்த நஞ்சைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. இறப்போரில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அவர்களைப் பிழைக்க வைக்கும் மருந்தின் தொடக்கம் இருளர் கையில் இருக்கிறது! 2018-ல் ராமுலஸ் விட்டேகருக்கும், 2023-ல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பணி முடியவில்லை

முதலைகளைப் பெருக்கி விட்டால் போதுமா? போதாது. அவை வாழ ஆறு வேண்டும். விடுவதற்கு ஏற்ற இடம் இல்லாமல், பண்ணையில் இனப்பெருக்கத்தையே கட்டுப்படுத்த வேண்டிய நிலை பின்னாளில் வந்தது. 2007-08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சொம்புமூக்கு முதலைகள் இறந்து மிதந்தன. 2020-ல் கொரோனாவால் பண்ணையின் கதவு மூடப்பட்டபோது நுழைவுக் கட்டண வருவாய் நின்றது. பார்வையாளர் வரவில்லை என்பதற்காக முதலைக்குப் பசிக்காமல் இருக்குமா? பண்ணையினர் பொதுமக்களிடம் உதவி கேட்டே சமாளிக்க வேண்டியிருந்தது.

தோழியரே! 'மனிதனைக் கொல்லும் பிராணியை ஏன் காக்க வேண்டும்?' என்று சிலர் கேட்பார்கள். ஆற்றில் செத்து மிதப்பதைத் தின்று நீரைத் தூய்மையாக வைப்பது முதலை. வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பது பாம்பு. நமக்குப் பயன்படாவிட்டாலும், அவற்றையும் படைத்தவர் இறைவன் அல்லவா? 1979-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சுற்றுச்சூழலுக்குப் பாதுகாவலராக அசிசியின் புனித பிரான்சிசை அறிவித்தார். அப்புனிதர் ஊரையே நடுங்க வைத்த ஓநாயையும் 'சகோதரனே' என்று அழைத்ததாகச் சொல்வார்கள்.

நாம் முதலை வளர்க்க வேண்டியதில்லை. வீட்டில் பாம்பு நுழைந்தால் தடியைத் தேடாமல் வனத்துறைக்குச் சொல்லச் சொல்வோம். தோல் பொருள் வாங்குமுன் அது எந்த உயிரின் தோல் என்று கேட்போம். ஆற்றிலும் ஏரியிலும் குப்பை கொட்டாதிருப்போம். அழகுள்ளதை நேசிப்பது எளிது. அழகற்றதையும் நேசிப்பதே அன்பு. அந்த அன்பை இறைவன் நமக்கும் அருள்வாராக!