சக்திதஸ் தியாகமும் ஞாயிறு வகுப்புக் கட்டணமும்

தீர்த்தங்கர நாம கர்மத்திற்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவற்றுள் ஆறாவது சக்திதஸ் தியாகம். தன் ஆற்றலுக்கு ஏற்பத் தானம் செய்தல் என்பது இதன் பொருள். பூஜ்யபாதர் தமது சர்வார்த்தசித்தி உரையில் இத்தானத்தை ஆகாரம், அபயம், ஞானம் என மூவகைப்படுத்துகிறார். நம் இல்லங்களில் பூசைக் காலத்தில் இப்பாவனைகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். 'ஆற்றலுக்கு ஏற்ப' என்னும் சொல்லை ஒரு வகுப்பின் கட்டண ஏட்டில் எவ்வாறு எழுதுவது என்பதே இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கங்களிலிருந்து நம்மவர் சிலரும் பிழைப்புத் தேடி இங்கு வந்தனர். ஊரில் ஜினாலயமும் பாட்டனாரும் இருந்தமையால் பிள்ளைகள் கேட்டே கற்றார்கள். இங்கோ தெருவில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். எனவே ஞாயிறுதோறும் ஒரு வகுப்புத் தேவையாயிற்று. அவ்வகுப்பின் ஒரே பாயில் நிரந்தரப் பணியாளர் வீட்டுப் பிள்ளையும், ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையும், அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் பெங்களூருக்கு நாள்தோறும் சென்று வருபவர் பிள்ளையும், கிருஷ்ணகிரியில் மாங்காய்ப் பருவத்தில் மட்டும் கையில் பணம் காணும் வியாபாரியின் பிள்ளையும் அமர்ந்திருந்தனர். ஒரே ஆலையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவருக்குப் போனசும் விடுப்பும் உண்டு, மற்றவருக்கு இல்லை என்பது இப்பகுதியினர் அறிந்ததே.

நாம் அனைவருக்கும் மாதம் 200 ரூபாய் எனக் கட்டணம் வைத்தோம். 'இயலாதவர் கேட்டால் குறைத்துக்கொள்ளப்படும்' என்று அறிவிப்பும் செய்தோம். நியாயமான ஏற்பாடு என்றே எண்ணினோம். சில மாதங்களில் ஒரு வீட்டின் அண்ணனும் தங்கையும் வருவதை நிறுத்திக்கொண்டனர். பிள்ளைகளுக்கு நாட்டமில்லை போலும் என்று விட்டுவிட்டோம். நெடுநாட்களுக்குப் பின் ஒரு திருமணத்தில் அத்தாயாரைக் கண்டபோது, "ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து நானூறு ரூபாய்ங்க டீச்சர். காண்ட்ராக்ட் முடிஞ்சு அவரு வீட்டோட இருந்தாரு. குறைச்சுக்கோங்கன்னு கேக்க வாய் வரலீங்க" என்றார். குறைத்துக் கொடுக்க நாம் ஆயத்தமாக இருந்தோம். கேட்க வேண்டும் என்ற நிபந்தனையே கதவை அடைத்துவிட்டது.

இது நமக்குப் புதிய பாடமன்று என்பதுதான் வருத்தம். முற்காலத்தில் பள்ளிக்குக் கட்டும் பணத்தைச் 'சம்பளம்' என்றே சொல்வார்கள். அரைச் சம்பளச் சலுகையும் இருந்தது. நாம் பணிபுரிந்த பள்ளி ஒன்றில், சலுகை பெறும் மாணவியர் பெயர்ப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. பெயர் படிக்கப்பட்ட ஒரு சிறுமி, பணம் கட்டிவிட்டதாகத் தோழியரிடம் பொய் சொன்னாள். பொய்யாமை பற்றி அதே வாரம் அவளுக்குப் பாடம் நடத்தியவர்கள் நாம்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் வேறு முறை நிலவியது. வசதியுள்ள வீட்டார் பணமாகவும், அல்லாதார் நெல்லாகவும் காய்கறியாகவும் ஆசிரியருக்குக் கொடுத்தனர். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலில் 1792 முதல் 1799 வரை பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னர் சென்னை மாகாண ஆளுநராகி, 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பு 12,498 பள்ளிகளைக் கூறுகிறது. மாணவர் ஒருவருக்கு மாதக் கட்டணம் நான்கணா முதல் எட்டணா வரை இருந்ததாகவும் சொல்கிறது. ஆசிரியர் வருவாய் மிகக் குறைவு என்று அவரே வருந்துகிறார். அக்காலத்தைப் பொற்காலமென்று கொண்டாட நாம் முன்வரவில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அத்திண்ணைகளில் ஏறவே இல்லை.

நம் காலத்திற்கு வருவோம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கட்டணம் செலுத்துவோரும் உண்டு; குறைந்த கட்டணத்திலும் கட்டணமின்றியும் சிகிச்சை பெறுவோரும் உண்டு. எந்த வழியில் செல்வது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. அறை வசதியில் வேறுபாடு உண்டு. அறுவை செய்யும் மருத்துவர் கையில் வேறுபாடில்லை. கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாயே மற்றவர் சிகிச்சைக்கும் ஆதாரமாகிறது. அமெரிக்காவின் சமுதாய நல மையங்களிலும் வருமானத்திற்கேற்ற படிநிலைக் கட்டணம் உண்டு; ஆனால் அங்கு அரசுப் பணம் கலந்திருப்பதால் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். நமக்கு ஏற்றது மதுரை வழியே. எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. கூடுதலாகச் செலுத்தும் நோயாளிக்குத் தனியறை கிடைக்கிறது. ஞாயிறு வகுப்பில் கூடுதலாகக் கொடுப்பவர் பிள்ளைக்கு அதே பாய், அதே சிலேட்டு, அதே சுண்டல்தான். ஆகவே நம் முறை முழுவதும் உண்மையின்மீதே நிற்க வேண்டியதாகிறது.

முதலில் செலவை உள்ளபடி எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, கூட வாடகை, ஆசிரியர் பேருந்துச் செலவும் சன்மானமும், நூல்கள், சிற்றுண்டி ஆகியன சேர்ந்து மாதம் 4,800 ரூபாய், பிள்ளைகள் 24 பேர் என்று கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஆகும் மெய்ச்செலவு 200. இவ்வெண்ணை எல்லா வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் படிகளை மட்டும் அறிவித்தால், குறைந்த தொகையே உரிய தொகை என்று வசதியுள்ளவரும் நல்லெண்ணத்துடனே எண்ணிவிடுவர். பிறகு 350, 200, 100 என மூன்று தொகைகளும், இயலாத மாதத்தில் ஒன்றுமில்லை என்ற நான்காவதும். அறுவர் 350 கொடுத்தால் 2,100. பதின்மர் 200 கொடுத்தால் 2,000. எழுவர் 100 கொடுத்தால் 700. ஒருவர் ஒன்றும் கொடுக்கவில்லை. கூட்டினால் 4,800 சரியாகிறது. மேற்படியிலுள்ள இருவர் நடுப்படிக்கு இறங்கினாலோ மாதம் 300 குறையும். ஆதலின் இரண்டு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். அவ்விருப்பைத் திருமணம், பிறந்தநாள் நன்கொடைகளால் சேர்க்கலாம்.

இத்தொகைகளுக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. பொற்படி, வெள்ளிப்படி என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். பாத்திரக் கடை விளம்பரம் போலாகிவிடும் என்று மறுத்தோம். எந்தத் தொகை என்பதை வீட்டாரே தேர்ந்து, மூடிய உறையில் இடுவர். ஒன்றும் இடாதவரும் வெற்று உறையை மற்றவர்போலவே பெட்டியில் சேர்ப்பர். பெயருக்குப் பதில் எண். எண்ணும் பெயரும் பொருளாளர் ஒருவருக்கே தெரியும். கற்பிப்பவருக்குத் தெரியவே கூடாது. தேர்ந்துகொள்ள உதவியாக வீட்டாருக்குச் சில வினாக்களைத் தரலாம்: வேலை நிரந்தரமா? வாடகை வீடா? ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டியுள்ளதா? இவற்றுக்கு நம்மிடம் விடை கூற வேண்டுவதில்லை. வேலை போனால் அம்மாதமே தொகையை மாற்றிக்கொள்ளலாம். மேலே குறித்த அண்ணனும் தங்கையும் இப்போது வகுப்புக்கு வருகிறார்கள்.

வசதியிருந்தும் 100 இடுபவர் இருக்க மாட்டாரா என்று கேட்பர். இருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க நாம் எழுப்பும் வேலி, கண்டுபிடிக்கப்படக் கூடாதவரை முதலில் குத்தும்.

ஞானதானத்திற்கு விலையா என்று பெரியோர் சிலர் கடிந்துகொண்டனர். இது மதிக்கத்தக்க ஐயம். ஞானத்திற்கு விலையில்லை, கூடத்திற்கு வாடகை உண்டு. எல்லாம் இலவசம் என்று தொடங்கிய வகுப்புகள், ஒரே புரவலர் ஊர் மாறியதும் நின்றுபோனதைக் கண்டிருக்கிறோம். மேலும், ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து கற்பிக்கும் இளைஞரிடம் பேருந்துச் செலவையும் நீரே ஏற்றுக்கொள்ளும் என்பது, அவர் ஆற்றலுக்கு மேற்பட்ட தியாகத்தை நாம் வாங்குவதாகும்.

வெற்று உறை இடுபவர் தானம் ஏற்பவர் மட்டுமே என்று கருதுதலும் பிழை. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் தானத்திற்கு எடுத்துக்காட்டாகக் காட்டும் நால்வருள் கௌண்டேசனும் ஒருவன். முற்பிறப்பில் அவன் மாடு மேய்ப்பவன். மரப்பொந்தில் கிடைத்த சாத்திரச் சுவடியைப் போற்றிக் காத்து முனிவரிடம் சேர்ப்பித்தான். ஞானதானத்திற்கு மரபு காட்டும் உருவம், கையில் காசில்லாத ஓர் ஆயன். எம் வகுப்பில் பாய் விரிப்பது, சுவடி படி எடுப்பது, சிறுவர்க்கு எழுத்துக் கூட்டிக் கொடுப்பது ஆகியவை எல்லா வீட்டாருக்கும் முறைவைத்து வரும். 350 இடும் வீட்டாருக்கும் அம்முறையில் விலக்கில்லை.

வீட்டில் பிள்ளைகளுடன் செய்து பார்க்க ஒரு கணக்கு: ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள். மாதச் செலவு 5,000 ரூபாய். இருவரால் ஒன்றும் இயலாது. ஐவர் மெய்ச்செலவில் பாதி கொடுப்பர். எண்மர் முழுமையாகக் கொடுப்பர். எஞ்சிய ஐவரும் தலைக்கு எவ்வளவு கொடுத்தால் கணக்கு நேராகும்? அத்தொகை மிகையென்று தோன்றினால், செலவில் எதனைக் குறைப்பீர்கள், எதனைக் குறைக்க மாட்டீர்கள்?