தாயக்கட்டையும் கைப்பேசியும்
(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயம் உருட்டி ஆடுவது எங்கள் கோடம்பாக்கத்து வீடுகளில் இன்றும் உண்டு. கட்டை தொலைந்துபோனால் கைப்பேசிச் செயலியே உருட்டித் தருகிறது. அச்செயலி எப்படி அமைந்தால் ஆட்டம் நேர்மையாக இருக்கும் என்று காண்போம்.

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு முகங்களிலும் 0, 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்பது வழக்கம். ஆகவே விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 ஆகிய ஏழே. இவ்வேழில் ஒன்றைச் செயலி குருட்டாம்போக்கில் எடுத்துக் காட்டினால் போதாதா?

போதாது. இரு கட்டைகளும் விழும் வகைகள் 4 × 4 = 16. அவற்றுள் 3 விழ நான்கு வழிகள். தாயமாகிய 1 விழ இரண்டு. 12 விழ ஒரே வழி. மெய்க்கட்டையில் 16க்கு ஒன்றாக வரும் பன்னிரண்டு, அத்தகைய செயலியில் 7க்கு ஒன்றாகிவிடும். எழுத்தறியாத என் பாட்டிகூட நாலு ஆட்டத்தில் "இது கள்ளக் கட்டைடா" என்று ஒதுக்கிவிடுவார்!

திருத்தம் எளிது: இரு கட்டைகளையும் தனித்தனியே உருட்டிப் பின் கூட்ட வேண்டும்.

ஆறுமுகப் பகடைக்கு இன்னோர் இடர். எட்டு பிட் எண்கள் 0 முதல் 255 வரை 256. ஒன்றை எடுத்து 6ஆல் வகுத்து மீதியைக் கொண்டால், நான்கு முகங்களுக்கு 43 வாய்ப்பு, இரண்டுக்கு 42 மட்டுமே. 252 முதல் 255 வரை வந்தால் தள்ளிவிட்டு மறுபடி உருட்டினால் எல்லாம் சமம்.

கணக்கில் விடைக்கு மட்டுமன்றி வழிமுறைக்கும் ஆசிரியர்கள் மதிப்பெண் தருவது ஏன் என்பது இதனால் விளங்கும் அன்றோ!