வலி எடுக்கிறதா, வலிக்கிறதா? – ஒரு தாதியர் மாணவியின் பாடம்

"தாதி வேலைக்கு நாலு வருசமா?" தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். டிப்ளோமா மூன்று ஆண்டு, பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. எதைப் படித்தாலும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு செய்த பிறகுதான் பதிவு பெற்ற தாதியாகப் பணியாற்ற முடியும். அப்படியென்றால் கூடுதலாக ஓர் ஆண்டு எதற்கு என்று அத்தை கேட்பது நியாயமான கேள்விதான். உடற்கூறு, மருந்தியல், ஆய்வு முறை என்று அடுக்கலாம். அடுக்கினால் அத்தை எழுந்து முறுக்கு எடுக்கப் போய்விடுவார். ஆகவே ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, வார்டில் நான் தவறவிட்ட பாடம் அது. தமிழோடு தொடர்புடையது என்பதால் பேரவை மலருக்குப் பொருந்தும் என நம்புகிறேன்.

பாடத்தின் பெயர் வலியை மதிப்பிடுதல். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் தாதி குறிப்பது எல்லாருக்கும் தெரியும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2008 முதல் வலியையும் ஐந்தாவதாகச் சேர்த்துக் குறிக்கும் வழக்கம் வந்தது. நோயாளியிடம் சுழியத்திலிருந்து பத்து வரை ஓர் எண் கேட்போம். வலியே இல்லையென்றால் சுழியம், தாங்கவே முடியாத வலியென்றால் பத்து. இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. மார்கோ மெக்காஃபெரி என்ற அமெரிக்கத் தாதி 1968இல் அதை வகுத்துத் தந்தார். வலியை அனுபவிப்பவர் என்ன சொல்கிறாரோ அதுவே வலி, நாம் பார்த்து முடிவு செய்வதற்கில்லை என்பது அதன் சாரம். பிறகு 1975இல் ரோனால்ட் மெல்சாக், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். வலியைச் சொல்லும் 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாகப் பிரித்திருந்தார். குத்துவதும் எரிவதும் இழுப்பதும் வேறு வேறு, எண் மட்டும் கேட்டால் அந்த வேறுபாடு தெரியாது என்பதே அவர் கண்டது. இவ்வளவையும் நான் தேர்வில் பிழையில்லாமல் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டில் பிள்ளைப்பேற்று வார்டில் பயிற்சி. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அன்று எனக்கு மதிய ஷிப்ட். இரத்த அழுத்தம் கூடியிருந்ததால் கவனிப்புக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார் ஓர் அக்கா. தோட்டத்திலிருந்து வந்தவர், நிறைமாதம், இரண்டாவது பிள்ளை. மலாய் கேட்டால் புரியும், பேச வராது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மிஸ்ஸி, தமிழா? இடுப்பு வலி எடுக்குது மிஸ்ஸி" என்றார். பொறுப்புத் தாதி, என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "சக்கிட் பிங்காங்" என்றேன். இடுப்புக்குப் பிங்காங், வலிக்குச் சக்கிட். பத்துக்கு எத்தனை அக்கா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "மூணு" என்றார். நிறைமாதத்தில் முதுகும் இடுப்பும் நோவது இயல்புதான். தலையணை வைத்துச் சாய்ந்து படுக்கச் சொன்னோம். குறிப்பேட்டில் 'முதுகு நோவு, 3' என்று ஏறியது.

பார்வையாளர் நேரத்தில் அவருடைய மாமியார் வந்தார். கட்டில் அருகே இரண்டு நிமிடம் நின்றவர் நேராக என்னிடம் வந்து, "ஏம்மா, புள்ளைக்கு விட்டு விட்டு எடுக்குது. இங்க யாரும் பாக்கலியா?" என்றார். ஓடிப் போய் வயிற்றின் மேல் கை வைத்தேன். கல் போல் இறுகி, பிறகு தளர்ந்தது. பொறுப்புத் தாதி சோதித்தபோது கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. பத்து ஆனால் முழுத்திறப்பு. பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போன அரை மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். யாரும் என்னைத் திட்டவில்லை. பொறுப்புத் தாதி மட்டும் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு அந்த மொழி தெரியாது. நீ சொல்வதை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வார இறுதியில் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி தோட்டத்து லயத்தில் நான்கு பிள்ளை பெற்றவர். "வலிக்குதுன்னு சொன்னாளா, வலி எடுக்குதுன்னு சொன்னாளா?" என்று கேட்டார். சும்மா நோவு என்றால் 'இடுப்பு புடிச்சிக்கிச்சு' என்பார்களாம், 'இடுப்பு உளையுது' என்பார்களாம். நிறைமாதக்காரி 'இடுப்பு வலி' என்றாலே அது பிள்ளை வலிதான் என்றார். பல் வலி எடுக்கிறது என்றும் நாம் சொல்வதுண்டு, ஆகவே இதை இலக்கண விதியாக்க முடியாது. ஆனால் அந்த அக்கா எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த நான், சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு உடம்பைப் பற்றிப் படித்தது முழுவதும் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். பிரசவத்தைப் பற்றித் தமிழில் யாரிடமும் பேசியதே இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் என்னை உள்ளே போகச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பிழையும் இருந்தது. அது மொழிப் பிழை இல்லை. பிரசவ வலி அலை போல வந்து போவது. நான் எண் கேட்டது வலி விட்டிருந்த நேரத்தில். 'மூணு' என்பது அந்த நிமிடத்துக்கு உண்மைதான். அதனால்தான் பிள்ளை வலியை எண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. கருப்பையின் மேற்பகுதியில் கை வைத்துப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை இறுகுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை வினாடி நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பார்ட்டோகிராம் என்ற வரைபடத்தில் இவை ஏறும். 1972இல் ஃபில்பாட், காசல் என்ற மருத்துவர்கள் அதில் எச்சரிக்கைக் கோடு, நடவடிக்கைக் கோடு என இரண்டைச் சேர்த்தார்கள். பிரசவம் கோட்டைத் தாண்டிப் பின்தங்கினால் யார் பார்த்தாலும் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட புதிய பதிவேட்டில், தாயின் அருகில் துணைக்கு ஆள் இருக்கிறாரா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாமியார் ஞாபகம்தான் வருகிறது.

இதன் பிறகு ஒரு சிறு நோட்டில் சொற்களை எழுத ஆரம்பித்தேன். வேடிக்கைக்காக இல்லை, பயத்தில். 'நெஞ்சுக்குழி வலிக்குது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் 'சக்கிட் டாடா' என்று மாற்றிவிடுவோம், அது நெஞ்சு வலி ஆகிவிடும். சரியான மலாய்ச் சொல் 'ஊலு ஹாத்தி'. இரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணிக்கு விலா எலும்புக்குக் கீழே வரும் அந்த வலியும், தலைவலியும், 'கண்ணு இருட்டிக்கிட்டு வருது' என்பதும் வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். 'நெஞ்சு கரிக்குது' என்றால் வேறு, அது பெரும்பாலும் புளியேப்பம். கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டால் சில வயதான பெண்கள் 'குளிச்சு' எத்தனை நாள் ஆயிற்று என்று பதில் சொல்வார்கள். என் சக மாணவி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, நோயாளி குளிக்கவில்லை என்று எழுதியே விட்டாள். அவளும் தமிழ்ப் பெண்தான். சிரித்தோம், ஆனால் ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

பேரவையில் ஆண்டுதோறும் சொற்போர் நடத்துகிறோம். நானும் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். கருப்பை, நஞ்சுக்கொடி, பனிக்குடம் என்று கலைச்சொல் பட்டியலும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நோயாளி பட்டியலைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர் வீட்டில் பேசுகிற தமிழ்தான் வார்டுக்கு வருகிறது, அதைக் கற்றுத்தரும் வகுப்பு எங்கள் நான்காண்டுப் படிப்பில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மலாய், சீனம், தமிழ், இபான் எதுவானாலும் இதே கதைதான். வலி பாடத்தோடு இரண்டு மணி நேரம் சேர்த்து, நான்கு மொழி மாணவர்களையும் உட்காரவைத்து, அவரவர் பாட்டி சொல்லும் சொற்களை எழுதச் சொன்னால் போதும். செலவு ஒன்றுமில்லை. விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

என் நோட்டில் இப்போது நாற்பதுக்கும் மேல் சொற்கள். 'குத்துது' என்பதற்கு மெஞ்சுச்சுக், 'எரியுது' என்பதற்குப் பெடிஹ், 'உளையுது' என்பதற்கு லெங்குஹ் என்று எழுதி வைத்திருக்கிறேன். 'மரத்துப் போச்சு', 'மதமதன்னு இருக்கு' இரண்டையும் கெபாஸ் என்ற ஒரே சொல்லில் அடைக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இராத்திரியில் சொல்லும் 'கால் குடையுது'வுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் அமையவில்லை. எலும்புக்குள் யாரோ துளை போடுவது போல் இருக்கிறதாம் என்று நீட்டித்தான் சொல்கிறேன். மருத்துவமனைகளில் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் யாருக்காவது அதற்குச் சொல் தெரிந்தால், பேரவைக்கு எழுதி அனுப்புங்கள்.