கேம் உருவாக்க எந்தக் கருவி?

பொழுதுபோக்காக கேம் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கைவசம் எந்த மொழி இருக்கிறது என்பதைத்தான். பைத்தான் தெரிந்தவருக்கு பைகேம், சி ஷார்ப் தெரிந்தவருக்கு மோனோகேம், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு ஃபேசர். ஃபேசரில் செய்தது பிரவுசரிலேயே ஓடும். லிங்க் அனுப்பினால் நண்பர்கள் உடனே விளையாடலாம்.

அடுத்து, எவ்வளவு வேலையை நாமே இழுத்துப்போட்டுச் செய்வது? பைகேமில் ஒரு பந்தை ஓடவிட, லூப்பை நாமே எழுதி, ஒவ்வொரு ஃபிரேமிலும் திரையைத் துடைத்து, பந்தைப் புது இடத்தில் வரைந்து, சுவரில் மோதியதா என்று சரிபார்க்க வேண்டும். கோடோ என்ற கேம் எஞ்சினில் எடிட்டரிலேயே பந்தை வைத்து, மோதல் எல்லையைக் குறித்து, சில வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். அடிப்படை புரிய முதல் வழி நல்லது. கேமை முடித்துக் காட்ட இரண்டாவதே மேல்.

சின்னக் கருவி என்று தயங்க வேண்டாம். 2024-இல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற பலாட்ரோ என்ற கேம், லுவா மொழியில் எழுதும் 'லவ்' ஃபிரேம்வொர்க்கில் உருவானது. ஸ்டார்டியூ வேலி என்ற கேம் இப்போது ஓடுவது மோனோகேமில்.

லைசென்ஸையும் படித்துவிடுவது அவசியம். யூனிட்டி என்ற கேம் எஞ்சினின் நிறுவனம் 2023 செப்டம்பரில் இன்ஸ்டால் கணக்கில் கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டு அதைக் கைவிட்டது. கோடோ எம்ஐடி லைசென்ஸில் கிடைப்பதால் அந்தக் கவலை இல்லை.

இன்னும் குழப்பமா? இரண்டு கருவிகளில் ஒரே பாங் விளையாட்டைச் செய்து பாருங்கள். எது கைக்கு இசைகிறதோ, அதிலேயே தொடருங்கள்.